ஆல்பத்துக்கு வந்துபோகும் ஆள்

அன்று காலை ஆல்பம் திறக்கவில்லை. லிஃப்ட்காரர் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தார்.

லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள், வேறு ஊரில் கணவனோடு இருக்கிறாள். வீட்டில் அவரும், அலமாரிக்குக் கீழே இரைந்துகொண்டிருக்கும், சர்வர் என்கிற ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும்தான். மனுஷச் சத்தமே இல்லாத வீட்டில் அந்த இரைச்சலாவது இருக்கட்டும் என்றுதான் வாங்கினாரோ என்னவோ, கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த ஒரு பெட்டிக்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. நிஜத்தில் இல்லை, இருப்பதாக ஒரு மென்பொருள் பாவனை செய்யும். ஒரே கூடத்தில் தடுப்பு வைத்து ஐந்து குடித்தனம் விட்ட மாதிரி. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். தனியாள் ஒருத்தருக்கு எதற்கு ஐயா ஐந்து என்று கேட்கக் கூடாது. பொழுது போக வேண்டாமா? அதில் ஒரு மெஷினில்தான், மகள் தன் ஊரிலிருந்தே நெட்டில் பார்க்கிற மாதிரி, குடும்ப ஆல்பம் இருந்தது.

மகளோடு பேச்சு நின்று இரண்டு வருஷம். சண்டை எதற்கு என்கிறீர்கள்? எங்களோடு வந்து இருங்கள் என்று ஆசையாகக் கூப்பிட்டாள். உன் வீட்டு மூலையில் கிடக்க நான் என்ன பழைய சாமானா என்று இவர் கத்தினார். கூடவே மருமகனையும் நாலு வார்த்தை சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டே கிளம்பிப் போனாள். அப்புறம் ரோஷம்தான். அவள் பேசட்டும் என்று இவர், இவர் பேசட்டும் என்று அவள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

ஆனால் தினமும் சாயங்காலம், அவள் வேலை விட்டு வீடு சேரும் நேரத்துக்கு, ஆல்பத்தின் மூலையில் 'வந்தவர்: 1' என்று விழும். அவர் தானே திறப்பது அதில் சேராது. அந்த முகவரி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். வேறு யார் வருவார்கள்? ஒரு நிமிஷமாவது அப்பனை எட்டிப் பார்க்கிறாளே என்று அவருக்கு மனசு நிறைந்துவிடும். அவளுக்காகத் தினமும் ஒரு புதுப் படம் போடுவார். ஜன்னல் தொட்டியில் விட்ட தளிர், புதிதாக வாங்கிய மூக்குக் கண்ணாடி, வழுக்கி விழுந்து கட்டுப் போட்ட கால்விரல். வந்தது யார் என்று தோண்டிப் பார்க்க வழி இருந்தது. பெற்ற பெண்ணை வேவு பார்ப்பதா என்று விட்டுவிட்டார்.

இன்றைக்கு அவள் வந்து, பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? அப்பா ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிட்டார் என்றல்லவா நினைப்பாள்? சாயங்காலத்துக்குள் சரி செய்தே ஆகவேண்டும்.

மெஷினை ஸ்டார்ட் செய்தால் டிஸ்கில் இடமில்லை என்று நின்றது. சர்வரை விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தார். கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். லிஃப்ட்காரர் தினமும் தூங்கப் போகுமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பார். அதாவது மெஷின் அந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். எடுத்த மறுநாளே தூக்கிப் போட வேண்டியதை, ஒன்றைக்கூட விட மனசில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். அது இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. ஒவ்வொன்றாக நீக்குங்கள், அது தானே உள்ளே கலந்துகொள்ளும், அவசரப்பட்டால் உள்ளதும் போய்விடும் என்றார் கடைக்காரர். முடித்துச் சோதித்துப் பார்க்கும்வரை வெளியிலிருந்து எதுவும் நுழையாதபடி நெட் கேபிளைப் பிடுங்கி வைக்கவும் சொன்னார்.

கேபிளைப் பிடுங்கினார். வேண்டாத மெஷின் ஒன்றை அழித்துக் கொஞ்சம் இடம் பிடித்தார். அப்புறம் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றும் ஆமை மாதிரி நகர்ந்தது. சாப்பாடு ஆறிப்போனது. பாதியில் ஒரு முறை திரை உறைந்து நின்றபோது, பாவி, கெடுத்துவிடாதே என்று பெட்டியைப் பார்த்துக் கெஞ்சினார். வெயில் இறங்கும்போது ஆல்பம் திறந்தது. மனைவி சிரித்தபடி இருக்கும் படம் முதலில் வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் விழுந்தது. வந்தவர்: 1.

ஒரு கணம் அவருக்குச் சந்தோஷம்தான். அடுத்த கணம் கண் கேபிளுக்குப் போனது. அது தரையில் கிடந்தது. வெளியிலிருந்து ஒரு ஈ எறும்பு உள்ளே வர வழியில்லை. அப்படியென்றால் வந்தது யார்?

இரண்டு வருஷமாகத் தொடாத, உள்ளே வந்தவர்களின் பதிவைத் திறந்தார். வந்தவரின் முகவரி அதே பெட்டிக்குள் இருந்தது. இன்னொரு மெஷின். சர்வர் வாங்கிய புதிதில், மற்றவை உயிரோடு இருக்கின்றனவா என்று சாயங்காலம் ஒரு முறை உள்ளே நுழைந்து பார்த்துவர அவரே ஏற்பாடு செய்து, அடியோடு மறந்துபோன காவல் மெஷின். பதிவு முழுக்க அதுதான். கீழே கீழே போய்த் தேடினார். மகள் ஒரு நாள்கூட உள்ளே வரவில்லை. அவருக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, அதனால் அழுதார்.

பிறகு போனை எடுத்தார்.

"அப்பா? உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஆல்பம் கெட்டுப்போச்சு. சரி பண்ணிட்டேன். சொல்லலாம்னு..."

"அதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? என்னைத்தான் வெளியில தள்ளிப் பூட்டிட்டீங்களே."

அவருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். சண்டை போட்டுவிட்டுப் போன கொஞ்ச நாளில் ஆல்பத்தைத் திறந்தாளாம். பாஸ்வேர்டு தப்பு என்று வந்ததாம். தினமும் போட்டுப் பார்த்து, பல மாதம் பார்த்து, அப்பா சொல்ல வந்தது இதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாளாம்.

லிஃப்ட்காரருக்கு உறைத்தது. சண்டை நடந்த கையோடு சர்வர் வாங்கி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து புது மெஷினுக்கு ஆல்பத்தை மாற்றியபோது படங்கள் வந்தன. அவள் கணக்கு வரவில்லை. பாஸ்வேர்டு தப்பித் திரும்பியவளை அந்தப் பதிவும் எழுதி வைக்கவில்லை. தன் கணக்கை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு வேலை முடிந்தது என்று எழுந்தவர் அவர்தான். கோபத்தில் செய்ததல்ல என்று சொல்லப் பார்த்தார். மெஷின், மாற்றல் என்று வாய் குழறியது.

"அம்மா போட்டோ எல்லாம் அதுலதான்பா இருக்கு," என்றாள். "எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. சரி, பாஸ்வேர்டு போகட்டும். இத்தனை நாள்ல ஏன்பா ஒரு போன்கூட பண்ணல?"

திரையின் மூலையில் இருந்த அந்த 1-ஐப் பார்த்தார்.

"நீதான் தெனமும் வந்துட்டுப் போறியேன்னு இருந்துட்டேம்மா."