பேச்சிக்குப் படைக்காதது

பேச்சியம்மனுக்கு என்னென்ன படைப்பீர்கள் என்று வக்கீல் தனபால் கேட்டபோது விரல் விட்டுச் சொன்னேன். மாவிளக்கு, பானகம், அவித்த மொச்சை, கருவாட்டுக் குழம்பு, ஒரு சேவல். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதோட காளானையும் சேத்துக்கலாமுங்களாக்கா?"

"எந்தக் காளான?"

"அதானுங்க. தம்பிகிட்டப் புடிச்ச காளான்."

அன்றைக்கே அந்தப் பேனாவைப் பிடுங்கி ஒடித்திருக்க வேண்டும். ஒடிக்கவில்லை. அதற்காக இன்று வரைக்கும் எனக்கு என்மேலேயே எரிகிறது.

என் பெயர் செல்வலட்சுமி. சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, தேயிலை முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் பேச்சி இருக்கிறாள். ஒரு கல், மேலே தகரக் கூரை, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு கொடை. அன்று உச்சிப்பொழுதில் ஆறுமுகசாமி மாமா உடுக்கை அடிப்பார், பேச்சி என்மேல் இறங்குவாள். என் அத்தை போன பிறகு பத்தொன்பது வருஷமாக எனக்குத்தான் இறங்குகிறாள். அதற்கு ஒன்பது நாள் காப்புக் கட்டி விரதம் இருப்பேன். வெற்றிலை கிடையாது, ராத்திரிச் சோறு கிடையாது, டீ கிடையாது. பகல் முழுக்கத் தேயிலைக்குள் நின்றுகொண்டு ஒரு வாய் டீ குடிக்காமல் இருந்து பாருங்கள், தெரியும். மூன்றாம் நாள் தலை இரண்டாகப் பிளக்கும். அத்தனை சுத்தம் பார்க்கிறவளிடம்தான் அந்த மனிதர் காளானைச் சேர்க்கச் சொன்னார்.

என் தம்பி மாரீஸ்வரன் ஜீப் ஓட்டுகிறான். மலை பார்க்க வருகிறவர்களை விடியலில் ஏற்றிப்போய், சூரியன் உதிப்பதைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். அவன் பெண்டாட்டி மௌனிகா இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குப் போகும் வழியில் யானை மிதித்துச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவன் பாதி ஆள்தான். சோறு போட்டால் தின்பான், கேட்டால் பதில் சொல்வான். துக்கம் தானாக ஆறும் என்று விட்டுவிட்டேன். அவன் ஆள் கொண்டுபோய் விடும் ரிசார்ட் ஒன்றில் தங்குகிறவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, காளான் தின்று கடவுளைப் பார்ப்பார்களாம். கொடுத்துவைத்தவர்கள்! அறை வாடகையோடு கடவுளும் சேர்ந்து வருகிறார்.

தை மாதம் ஒரு காலையில் போதைப் பொருள் பிடிக்கிற எக்சைஸ்காரர்களின் ஜீப் லயத்து வாசலில் வந்து நின்றது. ரிசார்ட்டில் யாரோ மாட்டி, மாரியின் பெயரையும் அவன் கோயிலுக்கு ஏறிப் போவதையும் சொல்லியிருக்கிறான். அவர்கள் நேரே கோயிலுக்கு ஏறி, பேச்சியின் பட்டுச் சேலையும் சலங்கையும் வைக்கும் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சாவி என் இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். "தாராளமாப் பாருங்க, ஒண்ணும் கெடைக்காது" என்று நானே திமிராகத் திறந்துவிட்டேன். சேலைக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே காய்ந்து சுருங்கிய போதைக் காளான். எங்கள் புல்மேட்டில் மாட்டுச் சாணத்தில் முளைக்கிற சனியன், நான் தினமும் மிதித்துக்கொண்டு போவது. நான் குளிக்கப் போன நேரத்தில் மாரி சாவியை எடுத்திருக்கிறான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரியே முன்னால் வந்தான்.

"அது என்னுது சார். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

கொண்டுபோய்விட்டார்கள்.

சப்-ஜெயிலில் பார்க்கப் போனபோது வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "ஏலே, வைக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா? ஆத்தா சேலைக்குள்ளயா கொண்டுபோய் வைப்ப? நீ வெளங்குவியா?"

"சாமி பொருள சாமிகிட்டதானக்கா வைக்கணும்."

"எதுடா சாமி பொருளு? சாணியில மொளைச்சதா?"

வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் நிதானமாகச் சொன்னான். ரிசார்ட்டில் மிஞ்சியதை ஒருநாள் வாயில் போட்டிருக்கிறான். புல்மேட்டில் உட்கார்ந்திருந்தபோது மௌனிகா கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்தாளாம். பக்கத்தில் உட்கார்ந்தாளாம். எனக்கு வலிக்கவே இல்லை என்று சொன்னாளாம்.

"நான் விக்கலக்கா. யாருக்கும் ஒரு துண்டு குடுத்ததில்ல. மாசத்துக்கு ஒருக்கா, அவ செத்த தேதியில, குளிச்சிட்டு வெறும் வயித்துல திங்கிறேன். அவ்வளவுதான்."

"அது போதைடா, கிறுக்குப் பயலே!"

"ஒனக்கு வந்தா சாமி, எனக்கு வந்தா போதையா?" முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. "ரெண்டு கொடைக்கு ஒங் கால்ல விழுந்து, மௌனிகா எங்க இருக்கான்னு கேட்டேன். பேச்சி வாயத் தொறந்தாளா? துன்னூறப் பூசிட்டு அடுத்த ஆளப் பாத்துப் போயிட்டா."

வலையில் ஓங்கிக் குத்தினேன். போலீஸ்காரி என்னைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள். கை வீங்கி நாலு நாள் கொழுந்து பறிக்க முடியவில்லை. அவன் உளறுகிறான் என்றால் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் வருகிறது என்று பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை குடைந்தது. சீ போ என்று அதைத் தள்ளிவிட்டேன்.

ஜாமீன் இரண்டு தடவை கேட்டும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் ஆள் சொல்லி இந்தத் தனபாலைப் பிடித்தோம். கோவிந்தாபுரத்துக்காரர். சட்டைக் காலர் கலையாமல், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவார். செருப்பால் அடிக்கும்போதும் மரியாதையாக அடிக்கிற வாய்.

"சட்டத்துல மத சுதந்திரம்னு ஒண்ணு இருக்குதுங்கக்கா. பொட்டலம் இருந்தது கோயில் பெட்டியில. அப்ப அது சரக்கு இல்லீங்க, பிரசாதம்."

"பிரசாதம்னு சொன்னா விட்டுருவாங்களா?"

"அங்கதானுங்க விசயமே. சும்மா படைக்கிறோம்னா பத்தாது. அது இல்லாம சாமியே வராதுன்னு இருக்கோணும். அப்பத்தான் மதத்துக்கு அது அவசியம்னு கோர்ட்டு காது குடுக்கும். அதச் சொல்ல வேண்டியது சாமியாடிதானுங்க. நீங்கதானுங்க."

"அது இல்லாமத்தான் பத்தொம்பது வருசமா வாரா."

"தெரியுமுங்க." பூப்போல, பவ்யமாகச் சொன்னார். "ஆனா தம்பி பல வருசம் உள்ள கெடக்கோணுங்க. அவுரு இப்ப இருக்கற இருப்புக்குத் தாங்குவாருங்களா? நீங்களே சொல்லுங்க."

தாங்கமாட்டான். இரண்டு மாதத்தில் அவன் கழுத்தெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. கடைசியாகப் பார்க்கப் போனபோது என்னிடம் எதுவுமே கேட்கவில்லை, எப்போது வெளியே விடுவார்கள் என்றுகூட.

இந்த மாதிரி போதைப் பொருளைத் தின்று சாமி கும்பிட விடலாமா, கூடாதா என்று டீவியில் கோட்டுப் போட்டவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். விடுங்கள், விடாமல் போங்கள், எக்கேடும் கெடுங்கள். எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. பட்டினி கிடந்து வெறும் வயிற்றோடு நிற்கிறவளின் சாமியைப் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை. எதையாவது தின்றேன் என்று சொன்னால்தான் அது மதமாம், சொல்லாவிட்டால் தம்பி ஜெயிலிலாம். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தவன் யார்? அவனை ஒரு நாள் எங்கள் மலைக்கு அனுப்புங்கள், பேசிக்கொள்கிறேன்.

இவ்வளவு வாய் பேசுகிறேனே, கையெழுத்துப் போடத்தான் போட்டேன். பங்குனியில் கோர்ட்டுக்கும் போனேன். ஜட்ஜ் ஒரு அம்மாள். காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "அது கழிக்காதெ தெய்வம் வரில்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். அதைச் சாப்பிடாமல் தெய்வம் வராதா? கூண்டுக்குப் பக்கத்தில் மாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"வராதும்மா" என்றேன்.

அந்த அம்மாள் என்னை முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் என்பது போலப் பார்த்தார். அது சுட்டது. ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்ததும் தனபால் என் காதோரம் குனிந்து, "கேஸ் முடியற வரைக்கும் வாய மாத்திராதீங்கக்கா. யாருகிட்டயும், ஊட்டுக்குள்ள கூட. ஒருத்தர் போய்ச் சொன்னாலும் தம்பி மறுபடியும் உள்ளதானுங்க" என்றார்.

நாங்கள் லயத்துக்கு வந்து சேருவதற்குள் சேதி எல்லார் போனிலும் வந்துவிட்டது. மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் மதினி, எம் மகளுக்குத் தையில கல்யாணம் முடியும்னு போன கொடையில சொன்னீங்களே, அதும் அதத் தின்னுட்டுச் சொன்னதுதானா? நானும் இந்நேரம் வரைக்கும் மாப்பிள்ளை தேடிக்கிட்டே இருக்கேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சிரிக்கிறவர்களை என்ன செய்ய முடியும்? ஆறுமுகசாமி மாமா சிரிக்கவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், அத்தை காலத்திலிருந்தே உடுக்கை அவருடையதுதான்.

"நெசமாம்மா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் அடிச்சுத்தான் எறங்குறான்னு முப்பது வருசமா நெனைச்சிக்கிட்டு இருந்தேன். காய்ச்சல்லயும் வந்து அடிச்சேன், கையி கொப்பளிக்க அடிச்சேன். அப்ப நான் எதுக்கும்மா?"

மாமா, அத்தனையும் பொய், நீங்கள் அடித்துத்தான் வந்தாள் என்று தொண்டை வரைக்கும் வந்தது. உள்ளே மாரி சோறு தின்றுகொண்டிருந்தான். தட்டில் கை உரசும் சத்தம் கேட்டது. மாமா படியிறங்கிப் போனார்.

சித்திரையில் கொடை வந்தது. நடத்தலாமா வேண்டாமா என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். நான் எதுவும் கேட்காமல் காப்புக் கட்டிக்கொண்டேன். ஒன்பது நாள், ஒரு சொட்டு டீ இல்லாமல். இந்தத் தடவை யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்தும் இருந்தேன். எனக்கும் அவளுக்கும் தெரிந்தால் போதாதா என்ற வீம்புதான்.

உச்சிப்பொழுதில் மேட்டில் நல்ல கூட்டம், எந்த வருஷத்தையும்விடக் கூடுதல். சாமி கும்பிட வந்த கூட்டமா அது? வேடிக்கை பார்க்க வந்தது. எக்சைஸ்காரர்கள் இரண்டு பேர் சாதாரண உடுப்பில் தேயிலை ஓரத்தில் நின்றார்கள். ஆறுமுகசாமி மாமா வந்திருந்தார். உடுக்கையைத் துணிப்பையிலிருந்து எடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சேலை கட்டி, சலங்கை மாட்டி, கல்லுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அடிங்க மாமா."

"எதுக்கும்மா? வேண்டியது உள்ள போயிருக்கும்ல. தானா வருவா."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதைத் தொட்டு இன்னும் நாலு பேர். எனக்கு உச்சந்தலை கொதித்தது. அந்த வக்கீல்மேல், அந்தச் சட்டத்துமேல், ரிசார்ட்டில் சம்மணம் போட்டவன்மேல், சேலைக்குள் கொண்டுவந்து வைத்தவன்மேல், வராது என்று சொன்ன என் நாக்கின்மேல். அடியே பேச்சி, உனக்காகத்தானே இத்தனை காலம் பட்டினி கிடந்தேன், எங்கேடி போனாய் என்று வாய்விட்டுக் கத்தினேன்.

வந்தாள். உடுக்கை இல்லாமல் பேச்சி யாருக்கும் இறங்கியதில்லை, அத்தைக்கும் இறங்கியதில்லை. அன்று இறங்கினாள். கால் தரையில் நிற்கவில்லை. சத்தமெல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு வரவு வந்ததே கிடையாது. அழுதேனா சிரித்தேனா தெரியாது, திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். இப்போது தெரிந்ததாடா உங்களுக்கு? அவளே வந்து சொல்லிவிட்டாள், பாருங்கள்!

ஒரு கையும் நீளவில்லை. முன்வரிசையில் நின்ற சாந்தம்மாள் தன் மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி, உடுக்கு அடிக்காமலே வந்துருச்சு. நெறயப் போட்டுருக்கா."

மாமா எழுந்தார். என்னைப் பார்க்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். எக்சைஸ்காரர்களில் ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரி வந்தான். நான் கோர்ட்டில் சொன்னது பொய் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள். அவன் ஒருத்தன் தெரிந்துகொண்டால் போதும், பேச்சி தானாகத்தான் வந்தாள் என்று அவன் ஒருத்தனுக்காவது விளங்கும். என் காலில் விழுந்தான். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். மௌனிகா செத்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. என் காதில் மெல்லக் கேட்டான்.

"அக்கா, நீயும் சாப்ட்டியா? யாருக்கா குடுத்தா? அவளப் பாத்தியா?"

தட்டு கையிலிருந்து விழுந்தது. பேச்சி மலையேறிவிட்டாள், எந்த நொடியில் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். சாமி அடித்துவிட்டது என்று பின்னால் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடித்தது நான்.