பூத்ததாகச் சொன்னது

அப்பாவின் தலையை வாரி முடித்து, சீப்பில் சிக்கிய நரைமுடியை அக்கா எடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி கத்தரிக்கோலைத் தேடினான்.

“எதுக்குடா?”

“மூத்தவகிட்ட நாலு கிளை வெட்டிட்டு வரேன். அப்பா கால்மாட்டுல வைக்கலாம்.”

மூத்தவள் என்பது கொல்லையில் நிற்கும் மஞ்சள் பூச்செடி. அக்கா பிறப்பதற்கு முந்தின வருடம் அப்பா நட்டது. வருடம் முழுக்க இலை உதிராது. ஒரே ஒரு மாதம் இலை தெரியாமல் பூக்கும். அது இந்த மாதம்தான்.

“இப்ப வேணாம். ஆளுங்க வர நேரம்.”

“ரெண்டு நிமிஷம்க்கா.” கத்தரிக்கோல் இருக்கும் இடத்தை அவள் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்துவிட்டான்.

இந்த வருடம் செடியில் ஒரு மொட்டுகூட இல்லை. பூத்து முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும் என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நூலக வேலையில் அவளுக்கு ஒழிந்ததோ ஐந்து மாதம் கழித்து. அப்பா சந்தோஷப்படுவார் என்று சுற்றிலும் ஒரே சீராக வெட்டித் தள்ளினாள். வரப்போகும் பூவெல்லாம் அந்த நுனிகளில்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. செடி என்னவோ ஒன்றும் நடக்காததுபோல் பச்சைப் பசேலென்று நின்றது.

அதற்குள் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். அவர் ஜன்னல் தெருப்பக்கம், கொல்லை தெரியாது. “மூத்தவ பூத்துட்டாளா?” என்று ஒரு காலையில் கேட்டார். “ரெண்டு மொட்டு விட்டிருக்குப்பா” என்று வந்துவிட்டது வாயில். அப்புறம் அந்தப் பொய்க்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பத்துப் பூ, பிறகு செடி முழுக்க, பிறகு தேனீ. கப்பலில் சமையல்காரனாக இருக்கும் தம்பியிடம் அப்பா போனில் பெருமையடித்தார். அவன் படம் கேட்டான். போன வருடப் படத்தை அனுப்பினாள்.

அதே போனில்தான் இன்னொன்றையும் சொல்லியிருந்தாள். இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வதைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை. அது உண்மை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மூன்று நாள் சண்டை போட்டவன், “நீ சொன்னா சரிதான்க்கா” என்று அடங்கினான். டாக்டர் அதைச் சொன்னபோது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. எழுதியும் கொடுக்கவில்லை.

விடிகாலையில் அப்பா போனார். நாலு நாள் முன்பே கப்பலிலிருந்து கிளம்பியிருந்த தம்பி வந்து சேர்ந்தது பத்து மணிக்கு.

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், ஆனால் சீப்பைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. அப்பா போன துக்கத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது, அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

“எங்க போனான் அவன்?” என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை.

“பூ வெட்ட.”

“அண்ணன் வாய் ஓயாம சொல்லிட்டிருந்தாரே. எனக்கும் ஒரு கிளை கொண்டாரச் சொல்லு.”

நேரமாயிற்று. தம்பி வந்தான். கையில் ஒரே ஒரு பச்சைக் கிளை.

“பூ எங்கடா?”

அவன் அக்காவைப் பார்த்தான்.

“கொட்டிடுச்சு அத்தை. நேத்து அடிச்ச காத்துல.”

“காத்தா? நேத்து எங்க காத்தடிச்சுது?” என்று அத்தை முணுமுணுத்தாள். அவன் கிளையை அப்பாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அந்த டாக்டர் நம்பர் குடு,” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“பூத்திருக்குன்னது பொய்தான்டா. அது பொய் இல்ல.”

“தெரியலக்கா. நம்பரக் குடு.”

அவளுக்கு மனப்பாடம். இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னாள், அவன் அழுத்தினான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தான்.

அக்கா அப்பாவின் போர்வையை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது.