விட்டுப்போன ஐந்து கிலோமீட்டர்

எதையும் பாதியில் விடுகிறவள் என்று எனக்குப் பெயர். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனது மூன்றே வாரம். "சிஹாரு ஆரம்பிப்பா, மீதியைத் தெய்வம் பாத்துக்கும்" என்று என் கணவர் ஷிகெயோஷி தபால் அலுவலகம் வரைக்கும் சொல்லிச் சிரித்து வைத்திருக்கிறார். ஐம்பத்து நான்கு வயதில், பள்ளிச் சமையலறைக்கு லீவு போட்டுவிட்டு, இக்கெதாவிலிருந்து யோஷினோ ஆற்றங்கரையோடு கடல்வரை ஒரே நாளில் சைக்கிள் மிதிப்பது என்று நான் முடிவு செய்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். தனியாக, ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாமல்.

கரை நெடுகக் கிலோமீட்டருக்கு ஒரு கல் உண்டு. கடலுக்கு இன்னும் எவ்வளவு என்று அது சொல்லும். எங்கள் வீட்டருகில் எழுபத்தேழு, கழிமுகத்தில் சைபர்.

மே மாதத்துக் காலை ஐந்தரைக்கு, காய்கறிக் கடைக்குப் போகிற அதே கூடை வைத்த சைக்கிளில் கிளம்பினேன்.

"முடியலைன்னா ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல உக்காந்துக்கோ, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் வாசலில் நின்ற கணவர்.

"சாயங்காலம் கடற்கரைக்கு வாங்க, போதும்."

எனக்குக் காலைவிட வாய்தான் எப்போதும் வேகம். ஆனால் அன்று காலும் சோடை போகவில்லை. மூங்கில் தோப்புகளைத் தாண்டி, பாலத்தடியில் நின்று உப்பில் ஊறிய பிளம் காய் வைத்த சோற்றுருண்டை இரண்டைத் தின்று, நாற்பத்தொன்றாம் கல்லுக்கு வந்தபோது மணி பத்தரை. அங்கேதான் மழை பிடித்தது.

வெள்ளை மழைக்கோட்டை மாட்டி, தலையில் ஓலைத் தொப்பியோடு மரத்தடியில் ஒதுங்கினேன். ஒரு குட்டி லாரி வந்து நின்றது. பின்னால் கேரட் பெட்டிகள். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி இறங்கினாள்.

"யாத்திரைக்காரம்மா, ஏறுங்க. இது என்னோட ஒசெத்தாய்."

அந்த வட்டாரத்தில் கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வெள்ளை உடையும் ஓலைத் தொப்பியும்தான் யாத்திரைக்காரர் கோலம். யாத்திரைக்காரருக்கு ஊரார் செய்யும் உபசாரமான ஒசெத்தாயை வேண்டாமென்றால் கொடுத்தவர் புண்ணியத்தைத் தட்டிப் பறித்ததுபோல என்று எங்கள் தீவில் பால்குடிக்கும் போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் யாத்திரைக்காரி இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் சைக்கிளைத் தூக்கிக் கேரட்டின் மேல் படுக்க வைத்துவிட்டாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்வேன்?

முப்பத்தாறாம் கல்லில் இறக்கிவிட்டு, கூடையில் நாலு கேரட்டும் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள். லாரி மறையும்வரை குனிந்து வணங்கினேன். மழையும் நின்றுவிட்டது. அப்போது கைப்பேசி அடித்தது.

"எங்க இருக்க?" என்றார் கணவர்.

"முப்பத்தாறு."

"அதுக்குள்ளயா? பரவாயில்லையே, சிஹாரு."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை. கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அது எனக்குச் சேர வேண்டியதல்ல, அந்த லாரிக்கு. யாருக்கும் தெரியப் போவதில்லைதான். எனக்குத் தெரியுமே. சைக்கிளைத் திருப்பினேன்.

கடல்காற்று முதுகைத் தள்ள, திரும்பிப் போவது சுலபமாகத்தான் இருந்தது. முப்பத்தொன்பதில், வயலோரம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அதே அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமாங்க. அஞ்சு கிலோமீட்டரை."

இறங்கி, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா ஒசெத்தாய் குடுக்குறேன். திருப்பிக் குடுக்க வந்தவ நீங்க ஒருத்திதான்."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"கேரட்டை வெச்சுக்கோங்க. அது உங்களுக்காக மிதிக்கலையே."

நாற்பத்தொன்றாம் கல்லைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். இப்போது அதே காற்று முகத்தில். முப்பத்தாறைத் தாண்டியபோது தொடை கல்லாகிவிட்டது. இருபதில் இறங்கித் தள்ளலாமா என்று தோன்றியது. பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். பத்துக்குக் கீழே என்னையே திட்டிக்கொண்டு மிதித்தேன். சைபர் கல்லில் முன்சக்கரம் முட்டியபோது மணி ஐந்தே முக்கால்.

கணவர் கார் பக்கத்தில் நின்றிருந்தார். அருகே தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவர்.

"ரெண்டரை மணி நேரமா நிக்கிறேன். முப்பத்தாறுலேருந்து இவ்வளவு நேரமா?"

"முப்பத்தாறுன்னு சொன்னது லாரியில வந்தது. திரும்பிப் போய் மறுபடி மிதிச்சேன்."

அவர் என் சேறு படிந்த காலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"எங்கேருந்து வர்றாங்க?" என்று தூண்டில்காரர் அவரிடம் கேட்டார்.

வெளியாள் முன்னால் சொந்த மனைவியைப் புகழ்வது எங்கள் பக்கத்தில் வழக்கமே இல்லை. 'ஒண்ணுக்கும் உதவாதவ' என்று சொல்வதுதான் மரியாதை. நானும் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் சம்சாரம்" என்றார் அவர். "இக்கெதாவிலேருந்து வந்திருக்கா. எழுபத்தேழு கிலோமீட்டர். ஒரு கல்லைக்கூட விடல."

'அப்படியெல்லாம் இல்லீங்க' என்று நான் இப்போது சொல்ல வேண்டும். தூண்டில்காரரும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

"எண்பத்திரண்டு" என்றேன்.