பிந்தி விழுந்த பின்பாட்டு

ஓஸெல்லாவின் தனி இசைத்தட்டைப் பற்றிப் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை, முடி அலங்காரக் கடைக்கு வந்திருந்த மிஸஸ் ப்ரூயிட் உரக்கப் படித்தாள். அவள் முடியைச் சூடான இரும்புச் சீப்பால் நீவிக்கொண்டிருந்த வெர்லீனுக்கு வயிறு எரிந்தது.

அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரில் ஒரே தேவாலயக் குழுவில் பாடி வளர்ந்தவர்கள் இருவரும். பிறகு பத்துப் பதினோரு வருடம் ஜோடியாக, ஸோல் என்ற கறுப்பர் இசைப் பாட்டுகளைப் பாடி மேடையேறினார்கள். ஒருநாள் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் வந்து ஒரு குரல் போதும் என்றான். அந்தக் குரல் வெர்லீனுடையது இல்லை. ஓஸெல்லா மைக்கைப் பிடித்தாள். இவள் சீப்பைப் பிடித்தாள்.

"மத்த பாட்டெல்லாம் சுமார்தானாம். நாலாவது பாட்டுக்குத்தான் எழுதின மனுஷன் உருகியிருக்கான், கேளு" என்றாள் மிஸஸ் ப்ரூயிட். "'பின்பாட்டு தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து விழுகிறது. போகிறவளைப் போகவிடாமல் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. இதை யோசித்த ஓஸெல்லா மேதை.'"

வெர்லீனின் கை அப்படியே நின்றது.

"அடியே, என் காது சுடுது."

அந்தப் பின்பாட்டு வெர்லீன் பாடியது. ஓஸெல்லா கூப்பிட்டாளே என்றுதான் ஒலிப்பதிவுக்குப் போனாள். பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓஸெல்லா தனியாக நின்று கண்மூடிப் பாடுவதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று வரிக்கு வரி வேண்டுமென்றே பிந்தினாள். பாட்டைக் குப்புறத் தள்ளப் பார்த்தாள். அது ஓஸெல்லா கழுத்தில் மாலையாக விழுந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அது மேதைமை இல்லை, என் பொறாமை என்றா சொல்ல முடியும்?

சனிக்கிழமை ஓஸெல்லாவே கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேப்பர் பாத்தியாடி?"

"பாத்தேன். மேதையாமே நீ."

ஓஸெல்லா கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்தாள். "நீ வேணும்னே பண்ணேன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு என்னிக்குடி தாளம் தப்பியிருக்கு? திரும்பப் பதிவு பண்ணலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன்."

"ஏனாம்?"

"கேக்க நல்லாருந்துச்சு." நாற்காலியை வெர்லீன் பக்கம் திருப்பினாள். "அடுத்த மாசம் சிகாகோ, டெட்ராய்ட்டுனு ஊர் ஊரா கச்சேரி. நீ வரணும். அதே மாதிரி பிந்திப் பாடணும்."

"ஊர்ல வேற எவளும் கெடைக்கலையா?"

"மூணு பேரைப் பாட வச்சுப் பாத்துட்டேன். பிந்தத்தான் செய்றாளுக. ஆனா ஒருத்திக்கும் வயிறு எரியல."

சீப்பை எங்கே வைப்பது என்று வெர்லீனுக்குத் தெரியவில்லை. ஒரே அடியாக அவளை வெளியே துரத்திவிடலாம். துரத்தினால் அந்தப் பாட்டை எவளோ ஒருத்தி பாடுவாள். அதை நினைக்கவே ஆத்திரமாக வந்தது.

"எனக்குத் தனி மைக் உண்டா?"

"உண்டு. எனக்குப் பின்னால."

வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அந்த எரிச்சலோடேயே வெர்லீன் கேட்டாள்: "எப்பக் கெளம்பணும்?"