பத்துக்குப் பத்து வாங்கிய காய்ச்சல்

ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ்களுக்கு நாடி உண்டு என்பது, அலுவலகத்தில் ஏசி மாற்றிய செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் ஒரு பேக்கேஜைத் திறந்துவிட்டு, திரையில் படிந்த தூசியைத் துடைக்க இரண்டு விரலை வைத்தாள். கண்ணாடிக்கு அடியில் துடித்தது. அதன்பின் ஐந்து வருடத்தில் நாலாயிரம் பேக்கேஜ்களுக்கு நாடி பார்த்துவிட்டாள். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்ட நிரல் துண்டுகள் அவை. அவற்றைக் கோத்துத்தான் அவளுடைய நிறுவனம் ஆஸ்பத்திரிகளின் சுவாசக் கருவிகளுக்கு மென்பொருள் செய்தது. விரல் சொன்னதை அவள் ஒருநாளும் அப்படியே எழுதிக் கொடுத்ததில்லை. வரி வரியாகப் படித்து, காரணம் அகப்பட்ட பிறகே எழுதுவாள்.

அலுவலகத்தின் வழக்கம் வேறு. கடைசியாக எப்போது திருத்தினார்கள், எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் ஒரு சிறு பேக்கேஜ் ஆறு வருடமாகத் திருத்தப்படவில்லை, பராமரிப்பவரும் ஒரே ஆள், இரண்டு மதிப்பெண். செத்துவிட்டது என்று முடிவு கட்டி, வாரந்தோறும் திருத்தப்படும் வேறொன்றைச் சேர்த்தார்கள். அதற்குப் பத்து. வெள்ளிக்கிழமை முப்பது ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை அவள் செத்ததன்மேல் விரல் வைத்தாள். தூங்கும் யானையைப் போல் நிதானமாகத் துடித்தது. பத்து வாங்கியதைத் தொட்டாள், காய்ச்சல் சூட்டில் விரல் கொப்புளித்துவிட்டது.

வெளியீட்டுக்குப் பொறுப்பு அவளுடைய நாத்தனார். வீட்டில் உப்பு ஒரு கல் கூடினாலே சொல்லிக்காட்டுகிறவள், அலுவலகத்தில் விடுவாளா?

“பத்துக்குப் பத்து வாங்கினத நிறுத்தச் சொல்றீங்களே அண்ணி, உங்க விரல நம்பியா?”

“விரல நம்பாத. வியாழக்கிழம வரைக்கும் டைம் குடு.”

வியாழன் மாலை காரணம் அகப்பட்டது. பத்து வாங்கியதன் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், சோதனைக் கோப்பு ஒன்றுக்குள், வெளியாள் கருவிக்குள் நுழைய வழி வைத்திருந்தான். வாரந்தோறும் நடந்த திருத்தமெல்லாம் அதை மூடி மறைக்கத்தான். நாத்தனார் அந்த வரிகளை இரண்டு முறை படித்தாள். பிறகு தானும் திரையைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு, பழையதையே போடச் சொன்னாள்.

பழையதை எழுதியவர் ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர். ஆறு வருடமாக ஏன் கை வைக்கவில்லை என்று கேட்டு எழுதியதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: “வேலை முடிஞ்சுதுங்க. சரியா ஓடுறத எதுக்குத் தொடணும்?”

வெள்ளிக்கிழமை முப்பது ஆஸ்பத்திரிகளிலும் கருவிகள் அந்த யானையின் நிதானத்தில் மூச்சு விட்டன. மதிப்பெண் தாளில் ‘நாடி’ என்று ஒரு கட்டம் சேர்ந்தது. அடுத்த மாத ஸ்டேஷனரிப் பட்டியலில், பேனாவுக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவே, தீப்புண் களிம்பு இரண்டு டியூப் என்று நாத்தனார் தன் கையாலேயே எழுதினாள். கொள்முதல் பிரிவு, சின்னதா பெரியதா என்று மட்டும் கேட்டது.