தள்ளிவைக்கப்பட்ட பிரசவம்

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. மழை பெய்து தொலைக்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.

கணவனும் மனைவியுமாக அவர்கள் தம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வெளியூர் செல்பவர்களின் வீடுகளைக் காத்துக்கொண்டு ஊர் ஊராக வாழ்ந்துவந்தனர். தங்குவதற்குச் செலவில்லை, அதற்கு ஈடாகச் செடிகளையும் பிராணிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரின் பிழைப்பும் மடிக்கணினியில் இருந்தது. அவன் செயலிகளைச் சோதிப்பவன். அவள் சலவை இயந்திர நிறுவனம் ஒன்றுக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுபவள். முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பதே அவளது உத்தியோகம்.

இப்போதைய வீடு ஒரு பெண் பல் மருத்துவருடையது. அவருடைய பூனைக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் அதற்கு இன்சுலின் போட வேண்டும். ஊசியைக் கண்டாலே கணவனுக்குக் கண் இருட்டிவிடும் என்பதால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. சனிக்கிழமை மருத்துவர் திரும்பியதும் அவள் தங்கையிடம் போவதாக ஏற்பாடு. தாயில்லாத தங்கைக்கு இது தலைப்பிரசவம். அக்கா வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கே போவேன் என்று அவள் அடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலில் பல் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். தம் பயணம் அடுத்த மாதக் கடைசிவரை நீள்வதாகவும், பூனையை மருத்துவமனையில் விடலாம் என்று தாம் சொன்னதற்கு அவளுடைய கணவர் சம்மதிக்கவே இல்லை என்றும் கூறி நெகிழ்ந்தார்.

"எனக்காக உங்க தங்கச்சி வீட்டு விசேஷத்தையே தள்ளி வெச்சிட்டீங்களாமே. இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருக்காங்க?"

பழக்கதோஷத்தால் அவள் பணிவாகவே விடைபெற்றாள். பிறகுதான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சாப்பாட்டு மேசையில் வேலையாயிருந்தவனின் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"என் தங்கச்சியோட பிரசவத்தை எந்தத் தேதிக்குத் தள்ளி வெச்சிருக்கீங்க சார்?"

அவன் மென்று விழுங்கினான். அடுத்ததாக ஒரு கடலோர வீடு கிடைக்கவிருக்கிறது. பல் மருத்துவர் நாலு வார்த்தை நல்லதாக எழுதினால்தான் அது கைக்கு வரும். தங்கைக்குப் புருஷன், மாமியார் என்று ஒரு படையே இருக்கிறது என்று அடுக்கினான்.

"வயித்துல இருக்கறது உங்க மீட்டிங்கா, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்ல?"

"கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நமக்குன்னு ஒரு பக்கத்து வீடாவது இருக்கா?"

சாரி, போதுமா என்றான் அவன். தண்ணீர் ஒழுகும் இயந்திரத்துக்குக்கூடத் தான் இதைவிட மனசார மன்னிப்புக் கேட்பதாக அவள் சொன்னாள். உடனே அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். அவள் போய்விட்டால் ஊசி யார் போடுவது?

"டாக்டருக்கு இப்பவே போன் பண்ணி, சொன்னது பொய்னு சொல்லுங்க. பூனையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. இல்லைன்னா நீங்களே போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

அவன் போன் செய்வான் என்றே அவள் நம்பினாள். மாலைவரை காத்திருந்தாள். மருந்து வேளை வந்தபோது அவன் எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆயினும் பூனையின் பிடரியைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகிவிட்டான். மயங்கி விழவில்லை.

தான் காய்ச்சலிலும் மாதவிடாய் வலியிலும் கிடந்தபோதுகூட அவன் ஒருநாளும் செய்யாததை, முகம் பார்த்திராத ஒருத்தியின் பாராட்டுக்காகச் செய்துவிட்டான் என்பது அவளுக்கு உறைத்தது. கத்துவதற்கு இனி ஒன்றுமில்லை. துணிகளைப் பெட்டியில் திணித்தாள்.

"பாத்தியா, போட்டுட்டேன்" என்றான் அவன், பரிசு வாங்கிய பிள்ளையைப் போல.

"பாத்தேன். கடலோர வீட்டுக்கும் நீங்களே போயிடுங்க. நான் வரலை."

"எப்பத் திரும்பி வருவ?"

"எந்த வீட்டுக்கு?"

 அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினாள். அப்போது மாலை மணி ஆறு இருபத்தேழு.