மீதி ஒன்று

என் தம்பி சாங்தாக்கை ஆறு வருடமாக நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சர்க்கார் வந்திருக்கு, டீ ஊத்துங்க" என்று என் புருஷன் கோன்போவிடம் சொல்வேன். தம்பியின் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்வேன். அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து கூடாரத்துக்குள் வந்து, அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போவான். வட்டார அலுவலகத்தில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. எங்கள் கோலோக் மலை மேய்ச்சல் நிலத்தில் யார் வீட்டில் எத்தனை யாக் மாடு, எத்தனை ஆடு, எத்தனை வாய் என்று எழுதுவான். எழுதுவதுதான் அவன் வேலை. முடிவு செய்கிறவர்கள் வேறு.

இந்த வருடம் எங்களைப் பற்றியும் முடிவு செய்துவிட்டார்கள். ஆறு பிறக்கும் இடத்தில் புல் தேய்ந்துபோகிறதாம். நாங்கள் மலையை விட்டு இறங்கி, நகரத்துக்கு வெளியே வரிசையாகக் கட்டி வைத்திருக்கும் வீடுகளுக்குப் போக வேண்டுமாம். எங்கள் மந்தை தின்றுதான் புல் தேய்ந்ததாம். ஆயிரம் வருடம் தின்றும் தேயாத புல், ஒரு அதிகாரி வந்து பார்த்த வாரத்தில் தேய்ந்துவிட்டது. மந்தையை மொத்தமாக விற்று, படிவத்தில் மீதி பூஜ்ஜியம் என்று எழுதினால்தான் வீட்டுச் சாவி. படிவத்தை எழுத வந்தவன் என் தம்பி.

"நாப்பத்தி நாலு இருக்கு அக்கா. நாப்பத்தி நாலும் போகணும்."

"நாப்பத்தி மூணு. சாம்பலிய எண்ணாத."

அவன் பேனாவை மூடினான். சாம்பலியைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்கள் மகள் யாங்கிக்கு மூன்று வயது. காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாள். அப்போது ஒரு கன்றை அவள் உயிருக்காக நேர்ந்து விட்டோம். வெட்டுவதற்கு அல்ல, வெட்டாமல் இருப்பதற்கு. நேர்ந்து விட்ட யாக்கை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, அதன் முதுகில் ஒரு துணிகூட ஏற்றக் கூடாது. அது தன் காலத்தில் தானாகச் சாகும்வரை இருக்க வேண்டும். அது இருக்கிறவரை பிள்ளையின் ஆயுளுக்கும் ஒரு துணை. அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்ததால் சாம்பலி என்று பெயர் வைத்தோம். யாங்கிக்கு இப்போது பதினான்கு வயது. நகரத்து விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். சாம்பலியும் நன்றாகத்தான் இருந்தது, வாலைத் தூக்கிக்கொண்டு என்னை முட்ட வரும் அளவுக்கு.

"சரி, மொதல்ல மத்தத அனுப்புங்க. இத என்ன செய்யறதுன்னு யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு சாங்தாக் போனான்.

மா என்ற முஸ்லிம் கறி வியாபாரி இரண்டு லாரிகளோடு விடியற்காலையில் வந்தார். சாம்பலியை ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டி விட்டுவிட்டு விற்பனையை ஆரம்பித்தோம். ஒரு மாட்டை விற்கும்போது அதன் உடம்பிலிருந்து ஒரு பிடி முடியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். மாடு போகலாம், அதோடு வந்த அதிர்ஷ்டம் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது. லாரியில் ஏற்றும் பலகைப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட வேண்டியது கோன்போவின் வேலை. நான் கூடாரத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன். எனக்கு அதைப் பார்க்கிற தெம்பு இல்லை.

லாரிகள் போய் வெகு நேரம் கழித்துப் பையை மடியில் கொட்டி முடியைப் பிரித்து எடுத்தேன். எல்லாம் கறுப்பு, நடுவே கொஞ்சம் பழுப்பு. அப்புறம் ஒரு பிடி சாம்பல் நிறம் வந்தது.

"ஏங்க, இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

கோன்போ பார்த்தார். அவர் முகம் வெளுத்த விதத்தை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

"நான் பாக்கல" என்றார். "கண்ண மூடிக்கிட்டுதான் பிடுங்கினேன், எண்ணவும் இல்ல. தொறந்து வெச்சா அழுகை வருது. அந்த ஆளு முன்னாடி அழ வேணாம்னு..."

மந்தை போகிறது என்றதும் சாம்பலி ஓடையைத் தாண்டி அதன் பின்னாலேயே வந்திருக்கிறது. நேர்ந்து விட்டதற்கு அடையாளமான சிவப்பு நூல் காதில் இருந்திருந்தால் லாரிக்காரர்களாவது கவனித்திருப்பார்கள். வருடா வருடம் மலைதெய்வத்துக்குப் புகை போடுகிற நாளில்தான் அந்த நூலை மாற்றுவோம். இந்த வருடம் கூட்டம் கூட அனுமதி இல்லை என்று அந்த நாளே இல்லாமல் போய்விட்டது. பழைய நூல் இற்று விழுந்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவரை என்னவென்று திட்டுவேன்? பதினெட்டு வருடமாக எனக்குப் பயந்து ஒரு மாட்டைக்கூட அடிக்காத மனுஷர். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

என் கையில் இருந்த சாம்பல் நிற முடியைப் பார்த்ததும் சாங்தாக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் அலுவலக ஜீப்பை எடுத்தான். மா விடிகாலையில்தான் அறுப்பார், அவருடைய அறுப்புத் தொட்டி மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் போய்விடலாம் என்றான்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பாதி வழியில் ஆரம்பித்துவிட்டேன்.

"யார் வீட்டுப் புல்லுடா இது? எங்கள எறங்குன்னு சொல்ல இவங்க யாரு?"

"அரசாங்கத்தோடது அக்கா. சட்டத்துல இருக்கு."

"அரசாங்கத்துக்கு யாரு குடுத்தா?"

"அம்பத்தி ஒண்ணுல சீனாக்காரங்களோட ஒப்பந்தம் போட்டாங்க. பதினேழு அம்சம். நம்ம ஆளுங்களேதான் கையெழுத்து போட்டாங்க."

"கழுத்துல கத்திய வெச்சு வாங்கினா அது கையெழுத்தா? முத்திரையக்கூட அங்கயே செஞ்சு குத்தினாங்களாம். அவங்க பேப்பர நீயே மடிச்சு வெச்சுக்க. பேப்பர்ல எழுதிட்டா உண்மையாயிடுமா?"

"சரி, பேப்பர விடு. யாங்கிக்கு ஊசி போட்டது யாரு? சீன டாக்டரம்மா. ராத்திரி முழுக்க பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அத ஒத்துக்கிறியா?"

அதை நான் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த அம்மா தன் சொந்தப் போர்வையை என் பிள்ளைக்குப் போர்த்திவிட்டவள். இன்றைக்கும் என் பிரார்த்தனையில் அவள் உண்டு.

"அவங்க நல்லவங்க. நல்லவங்க ஊசி போட்டாங்கன்னா ஊரையே எழுதிக் குடுத்துடணுமா?"

"லாசாவுல இருந்த லாமா அரசாங்கத்துக்குக்கூட நம்ம கோலோக்காரன் வரி கட்டினதில்ல அக்கா. யாருக்குமே கட்டினதில்ல. அப்ப நாம யாரோட ஆளுங்க? நீயே சொல்லு."

"யாக்கோட ஆளுங்க" என்றார் பின்சீட்டிலிருந்து கோன்போ.

சாங்தாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்தது. சாங்தாக் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் என் முழங்கையைத் தொட்டான். நான் தட்டிவிடவில்லை.

தொட்டியில் மா எங்களைப் பார்த்துப் பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நேந்து விட்டதா? ஏம்மா, இது தெரிஞ்சா உங்க ஆளுங்க எவனாவது என்கிட்ட கறி வாங்குவானா? மொதல்ல ஓட்டிக்கிட்டுப் போங்க!"

அதற்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். சாம்பலி வந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல முட்ட வந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிடிக்கவில்லை, திமிறியது. திமிறட்டும் என்று விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் சாங்தாக் ஜீப்பின் மேல் படிவத்தை வைத்தான். அதில் மூன்று கட்டங்கள்: விற்றது, செத்தது, மீதி. காலையிலேயே மாவின் ஆட்கள் நாற்பத்து நான்குக்கும் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை அது அலுவலகத் தலைவர் மேசைக்குப் போக வேண்டும்.

"விற்றது நாப்பத்தி மூணுன்னு மாத்திடறேன். இத செத்ததுல போட்டுடறேன்" என்றான். "வழியில விழுந்து செத்துடுச்சுன்னு. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. அப்புறம் எங்கயாவது பள்ளத்தாக்குல விட்டுடலாம். உனக்கும் சாவி கெடைக்கும், எனக்கும் வம்பில்ல."

அவன் பேனாவைக் கட்டத்தில் வைக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"செத்துடுச்சுன்னு எழுதாதடா."

"அக்கா, இது வெறும் பேப்பர்."

"எழுதாத."

"நீதானே இப்ப சொன்ன, பேப்பர்ல எழுதினா உண்மையாயிடுமான்னு?"

"அது அவங்க பேப்பர். இது எம்பொண்ணு உசுரு. உங்கையால அத செத்ததுன்னு எழுதாத சாங்தாக்."

வீம்புக்காக நான் சொல்லவில்லை. என் வாதத்தில் ஓட்டை இருந்தது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தில் அந்த வார்த்தை விழுவதை நினைத்தாலே, நகரத்து விடுதியில் இரும்புக் கட்டிலில் படுத்திருக்கும் என் பிள்ளையின் நெற்றியில் யாரோ எழுதுவதுபோல இருந்தது. ஆறு வருடம் கழித்து அவன் பெயரைச் சொல்லிவிட்டேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவனுக்கு உறைத்திருக்கிறது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கோன்போ சொன்னார். "மீதி ஒண்ணுன்னே எழுது மச்சான். சாவி வேணாம். நாங்க எங்கயாவது இருந்துக்கறோம்."

"எங்க இருப்பீங்க அத்தான்? மலையில இனிமே யாரும் இருக்கக் கூடாது. யாங்கி லீவுக்கு எங்க வருவா?"

சாங்தாக் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குனிந்து எழுதினான். விற்றது நாற்பத்து மூன்று. மீதி ஒன்று. பக்கத்தில், கேட்காத இடத்தில், 'உயிரோடு இருக்கிறது' என்று சீன எழுத்தில் அல்ல, எங்கள் எழுத்தில் எழுதினான். படிவத்தின் அடியில் உரிமையாளர் பெயருக்கு ஒரு கோடு. அதில் கோன்போவின் பெயர் இருந்தது. நாற்பத்து மூன்றுக்கு மட்டும் என்று அதன் பக்கத்தில் குறித்துவிட்டு, மீதி ஒன்றுக்கு நேராகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"டேய், நீ அரசாங்க ஆளு. உன் பேர்ல மாடு இருக்கலாமா?"

"இருக்கக் கூடாதுன்னு நாளைக்குத் தலைவர் சொல்லுவாரு. அப்ப பாத்துக்கலாம்."

தலைவர் சொன்னார். அரை மணி நேரம் சொன்னார் என்று அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குகிற பெண் வந்து சொன்னாள். தலைவர் சிச்சுவான் மாகாணத்துச் சீனர், கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. குமாஸ்தா ஒருவன் கணக்கைத் தன் பெயரில் திருப்பி, அனுமதி இல்லாமல் ஜீப்பையும் எடுத்தால் விட்டுவிட முடியுமா? எங்கள் பெயரில் மீதி பூஜ்ஜியம் என்பதால் எங்களுக்குச் சாவி வந்தது. என் தம்பிக்கு மாற்றல் வந்தது. தெற்குக் கணவாயின் உச்சியில் பனி தள்ளுகிற சாலைக் கொட்டகையில் கணக்கெழுதும் வேலை. ஒன்பது மாதம் பனி. மனுஷ முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லாரி வர வேண்டும்.

ஏழாம் நாள் காலையில் புது வீட்டு வாசலில் வந்து நின்றான். கட்டியவர்களின் சுண்ணாம்பு இன்னும் கையில் ஒட்டுகிற வீடு. நான் உள்ளே ஓடி, பிசைந்த மாவைப் பிட்டுப் போட்டு, இருந்த கறியை எல்லாம் போட்டு சூப் வைத்தேன். மூன்று கிண்ணம் சாப்பிட்டான். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கன்னம் எவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது என்பதை ஆறு வருடமாக நான் கவனிக்கவே இல்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"எதுக்குடா இப்படி செஞ்ச? ஒரு வார்த்தை எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். நான் ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்."

"நீ ரெண்டு நாள்ல விடற ஆளா?" என்று சிரித்தான். "அக்கா, கணவாயில யாரையும் ஊர் மாத்தல. மாத்த அங்க ஆளே இல்ல. ஆனா சாம்பலி மேய புல்லு இருக்கு, பனி கரைஞ்சா முழங்கால் உசரத்துக்கு. குமாஸ்தாங்கமேல கோவம் வந்தா தலைவர் எல்லாரையும் அங்கதான் தள்ளுவாரு. பேனாவ எடுக்கும்போது அது எனக்குத் தெரியும்."

கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். கோன்போ சாம்பலியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். காதில் புதுச் சிவப்பு நூல் தொங்கியது. சாங்தாக்கின் சாமான் வாசலில் கிடந்தது: ஒரு படுக்கை மூட்டை, தகரப் பெட்டி, ஒரு மூட்டை பார்லி மாவு. கணவாய்க்கு இரண்டு நாள் நடை. பக்கத்தில் நூறு கிலோ சுமக்கிற யாக் நிற்கிறது. ஆனால் அதன்மேல் ஒரு துணிகூட வைக்க முடியாது. அவன் படுக்கையை முதுகில் கட்டினான், அதன்மேல் பெட்டியை ஏற்றினான், மாவு மூட்டையைக் கையில் தூக்கினான். பிறகு சாம்பலியைத் தட்டி முன்னால் நடக்கவிட்டான். அது வெறும் முதுகோடு ஜாலியாக நடந்தது. அரசாங்கத்துக்காக என்னிடம் வாதாடியவன் அதன் பின்னால் கூனிக்கொண்டு நடந்தான்.

கடைசி வீட்டு வரிசை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் அவன் கையிலிருந்த மாவு மூட்டையைப் பிடுங்கினேன்.

"வீட்டுக்குப் போ அக்கா. ரெண்டு நாள் நடக்கணும்."

"தெரியும். பேசாம நட" என்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.